மிருதுளாவின் படிப்புப் பணம்

இன்சூரன்ஸ் ஆபீசில் கம்ப்யூட்டர் நின்றுபோயிருந்தது. இதோ வந்துவிடும், உட்காருங்கள் என்று கவுண்டரில் இருந்த பெண் சொல்லி வெகுநேரமாகியும் வரவில்லை. கோகிலா இரும்பு நாற்காலி வரிசையில் சுவர் ஓரமாக மகளை உட்கார வைத்துவிட்டு அவளை ஒட்டித் தான் உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸில் ஜன்னல், கோயிலில் தூண், கல்யாண வீட்டில் மூலை என்று எங்கே போனாலும் அவள் கண் முதலில் தேடுவது இப்படி ஒரு ஓர இடத்தைத்தான். சுவர் ஒரு பக்கம் பார்த்துக்கொள்ளும், மறுபக்கம் தான் பார்த்துக்கொள்ளலாம். மடியில் துணிப்பை இருந்தது. பைக்குள் பாலிசிப் பத்திரம், புருசன் சென்னியப்பன் நேற்றே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பாரம், பாஸ்புக், மிருதுளாவுக்கு மாற்றுத் துணி ஒரு செட்டு, தண்ணீர், ஒரு பன். பதினெட்டு வயதுப் பெண்ணை வெளியே கூட்டிக்கொண்டு வருகிறவள் எவளாவது மாற்றுத் துணி எடுத்து வருவாளா என்று நினைத்தாள், உடனே அந்த நினைப்பைத் தள்ளினாள், எத்தனையோ வருசமாகத் தள்ளிக்கொண்டிருக்கிற நினைப்புத்தான். "சாப்டீங்களா?" என்று மிருதுளா கேட்டாள். கோகிலாவைக் கேட்கவில்லை, அந்தப் பக்கம் பட்டுச்சேலை கட்டி உட்கார்ந்திருந்த அம்மாளைக் கேட்டாள். அந்த அம்மாள் முதலில் சிரித்து, சாப்ட்டேன் கண்ணு என்றாள். "சாப்டீங்களா?" மறுபடி தலையாட்டினாள். "சாப்டீங்களா?" மூன்றாவது தடவை கோகிலாவின் முகத்தைப் பார்த்தாள், அப்புறம் மிருதுளாவின் வாயோரத்தைப் பார்த்தாள், அப்புறம் போன் வந்ததுபோல எழுந்து இரண்டு வரிசை தள்ளிப்போய் உட்கார்ந்துகொண்டாள். கோபம் வரவில்லை. முன்னெல்லாம் வரும். இப்போது அந்த அம்மாள் எழுந்து போன நேர்த்தியை, போனைக் காதில் வைத்த பாவனையை, பரவாயில்லை, மரியாதையாகத்தான் போகிறாள் என்று பார்க்கத் தெரிந்துவிட்டது. முந்தானையால் மகளின் வாயோரத்தைத் துடைத்தாள். மிருதுளா தலைக்கு மேலே சுற்றுகிற பேனைப் பார்த்துச் சிரித்தாள், அதன் இறக்கைகளுக்குள் யாரோ அவளுக்கு வேண்டியவர்கள் உட்கார்ந்துகொண்டு வேடிக்கை காட்டுவதுபோல.

இந்தப் பாலிசி போடும்போது இவளுக்கு எட்டு மாசம். ஏஜென்ட் கனகராஜ் அண்ணன் ஒரு காலண்டரோடு வந்தார், கறுப்பு அங்கி போட்டுத் தலையில் தட்டைத் தொப்பி வைத்த ஒரு பெண் பிள்ளை அந்தக் காலண்டரில் சிரித்துக்கொண்டிருந்தது. இப்பவே போட்டு வைங்க, பதினெட்டு வயசுல கைக்கு வரும், காலேஜ் பீஸுக்கு யாருகிட்டயும் போயி நிக்க வேண்டியதில்ல என்றார். கொழந்தைக்கு இன்னும் பல்லே முளைக்கலைங்க என்று சென்னியப்பன் சிரித்தார். பல்லுக்கு முன்னாடி படிப்பு என்றார் அண்ணன். இன்னொன்றும் சொன்னார், நாளைக்கு உங்களுக்கே ஒண்ணு ஆயிப்போனாலும் மிச்சப் பணத்தை நீங்க கட்ட வேண்டாம், கம்பெனியே கட்டிக்கும், அப்பா இல்லாட்டியும் படிப்பு நிக்காது. என்னவோ கல்யாணச் சேதி சொல்கிற மாதிரி அதைச் சொன்னார். கோகிலா குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். குழந்தை ரொம்பச் சமர்த்து, அழாது, போட்ட இடத்தில் கிடக்கும். தெருவில் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். எவ்வளவு சமர்த்துப் பாரு. அந்தச் சமர்த்து என்ன என்று அப்போது யாருக்குத் தெரிந்தது. அந்த வருசம்தான் சென்னியப்பன் லாரியை விட்டுவிட்டுப் பெருந்துறைப் பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் பஸ் ஓட்டப் போனார். லாரியில் வந்த சம்பளம் அங்கே இல்லை. ஆனால் அங்கே வேலை பார்க்கிறவர்களின் பிள்ளைகளுக்குப் பாதிப் பீஸ். பாதிக்கு அந்தச் சலுகை, மீதிக்கு இந்தப் பாலிசி, புத்தகத்துக்கும் துணிமணிக்கும் அவள் போடுகிற சீட்டு என்று தானும் அவரும் ஒரு பாயில் உட்கார்ந்து விரல் மடக்கிக் கணக்குப் போட்ட சாயங்காலம் அவளுக்கு ஞாபகம் வந்தது, அவர் முகத்தில் இருந்த பெருமை ஞாபகம் வந்தது. என்ற பொண்ணு என்ற பஸ்ஸிலயே வருவா, முன்னாடி சீட்டுல, நான் கண்ணாடியில பாத்துக்கிட்டே ஓட்டுவேன் என்றார். அந்தப் பஸ்ஸை அவர் இன்னும் ஓட்டுகிறார். முன் சீட்டில் ஊரார் பிள்ளைகள் வருசா வருசம் மாறி மாறி உட்காருகிறார்கள், நாலு வருசம் கழித்து இறங்கிப் போகிறார்கள், கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்து டிரைவர் அண்ணா கட்டாயம் வரணும் என்கிறார்கள். அவர் போவதில்லை. ஐம்பதோ நூறோ கவரில் வைத்து யாரிடமாவது கொடுத்து அனுப்புவார்.

இரண்டரை வயதில்தான் கோயம்புத்தூரில் ஒரு டாக்டர் சொன்னார். நல்ல டாக்டர், அவசரப்படாமல் சொன்னார். பிறக்கும்போது மூச்சு கொஞ்சம் தாமதித்திருக்கிறது, மூளைக்குப் போகவேண்டிய காற்று போகவில்லை, நடப்பாள், நாலு வார்த்தை பேசுவாள், பாசமாக இருப்பாள், ஆனால் வளர வளரப் படிப்பு என்று நீங்கள் நினைக்கிறது, என்று சொல்லிவிட்டுக் கையை மேஜை மேல் விரித்தார். அந்த விரித்த கையை அவள் இன்றைக்கும் பார்க்கிறாள். கொஞ்சம் தாமதித்த மூச்சு. எவ்வளவு நேரம் தாமதித்திருக்கும், ஒரு தும்மல் போடுகிற நேரமா, பால் பொங்கி வழிகிற நேரமா, அந்த நேரத்தில் தான் என்ன செய்துகொண்டிருந்தோம், கத்திக்கொண்டிருந்தோமே, இன்னும் கொஞ்சம் முக்கியிருந்தால், என்று எங்கே ஆரம்பித்தாலும் இங்கேதான் வந்து முட்டும், செக்கு மாடு சுற்றுகிற மாதிரி. திரும்பி வரும் பஸ் அவினாசியைத் தாண்டியது. அப்புறம் சென்னியப்பன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு, அந்தப் பாலிசிய நிறுத்திறலாமா என்றார். அவள் மடியில் தூங்கின குழந்தையின் சட்டையை இழுத்துவிட்டாள். பணம் கட்ட வேண்டிய நாள் வந்தபோது அவரிடம் கேட்காமல் தானே நடந்து வந்து இதே ஆபீசில் கட்டிவிட்டுப் போனாள். ரசீதை அவர் பார்த்தார், மடித்துப் பெட்டியில் வைத்தார். அதற்கடுத்த வருசமும் கட்டினாள். கிரைண்டர் வாங்கி வீட்டில் இட்லி மாவு ஆட்டி விற்க ஆரம்பித்தாள், உளுந்து ஊறுகிற வாசமே அவள் சேலையின் வாசமாகிவிட்டது, மழை வந்தாலும் காய்ச்சல் வந்தாலும் மாவு நிற்கவில்லை, பாலிசியும் நிற்கவில்லை. எதற்காகக் கட்டினாள்? தெருவில் ஒருத்தி கேட்டே விட்டாள், படிக்கற புள்ளைக்குக் கட்டறது நாயம், உனக்கு எதுக்குக் கோகிலா? சேமிப்புத்தானேங்க என்று சொல்லிவைத்தாள். சேமிப்பு இல்லை. நிறுத்தினால் அந்த டாக்டர் சொன்னதைத் தன் வாயால் தானே சொன்ன மாதிரி ஆகிவிடும். அவர் சொல்லட்டும், ஊர் சொல்லட்டும், தான் சொல்லக் கூடாது. பணம் கட்டுகிற ஒரு நாள் மட்டும், வருசத்தில் அந்த ஒரே ஒரு நாள், அவள் மற்ற அம்மாக்களோடு வரிசையில் நின்றாள், என்ற பொண்ணு படிப்புக்குங்க என்று கவுண்டரில் சொன்னாள், யாரும் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பேப்பரை மட்டும் காட்டுங்க, நான் பாத்து வெச்சிடறேன்" என்று கவுண்டர்ப் பெண் கூப்பிட்டாள். கோகிலா மிருதுளாவை எழுப்பிக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டே போனாள். புதிதாக வேலைக்கு வந்த பெண்போல, சின்ன வயசு, நெற்றியில் திருநீறு. ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியா இருக்குதுங்க, பணம் நாலஞ்சு நாள்ல அக்கவுண்ட்ல விழுந்துரும் என்றாள். அப்புறம் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, குனிந்து கோகிலாவின் சேலைக் கொசுவத்தை மடித்துக்கொண்டிருந்த மிருதுளாவின் தலை உச்சியை மட்டும் பார்த்தபடி, "பாப்பா எந்தக் காலேஜுங்க?" என்று கேட்டாள். கேட்கிற கேள்விதான், படிப்புப் பாலிசி முதிர்ந்து வருகிற எல்லோரையும் கேட்டிருப்பாள். கோகிலா வாயைத் திறந்தாள். இல்லீங்க, அவளுக்கு முடியாதுங்க என்று சொல்லத்தான் திறந்தாள். "இன்னும் முடிவு பண்ணலைங்க" என்று வந்துவிட்டது. கவுண்டர்ப் பெண், கவுன்சிலிங் முடிஞ்சிரப் போகுதுங்க, சீக்கிரம் பாருங்க என்றாள். பாக்கறோமுங்க என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தபோது கோகிலாவின் காது இரண்டும் கொதித்தன. யாரை ஏமாற்றினாள்? அந்தப் பெண் இன்னும் கொஞ்சநேரத்தில் மிருதுளாவின் முகத்தைப் பார்ப்பாள், சாப்டீங்களா என்று இவள் கேட்பாள், அப்போது அந்தப் பெண்ணின் முகம் எப்படி மாறும் என்பது இப்போதே தெரிந்தது. ஆனாலும் அந்த ஒரு வார்த்தை சொன்னபோது நெஞ்சுக்குள் என்னவோ குளிர்ந்ததே. இன்னும் முடிவு பண்ணலைங்க. எவ்வளவு சாதாரணமான வார்த்தை. எத்தனை வீட்டில் இந்நேரம் இதைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள், அலுப்போடு, சண்டையோடு, கோயம்புத்தூருக்கு அனுப்புவதா சேலத்துக்கு அனுப்புவதா என்று. அந்தச் சண்டையைத் தானும் சென்னியப்பனோடு போட்டிருக்கலாம். அவர் தன் காலேஜ்தான் என்பார், தான் வேண்டாம், ஹாஸ்டலில் இருந்து நாலு இடம் பார்க்கட்டும் என்பாள், மிருதுளா கதவை அறைந்து சாத்திக்கொண்டு போவாள். கதவை அறைந்து சாத்துகிற மிருதுளாவை அவள் பார்க்கப் பார்த்தாள். முகம் வரவில்லை. பின்னல் மட்டும் வந்தது.

முடிவு என்று ஒன்று பண்ணத்தான் வேண்டும், அதுவும் இந்த வாரத்துக்குள். போன ஞாயிற்றுக்கிழமை தம்பி குமரேசன் மாம்பழத்தோடு வந்திருந்தான், கூட அவன் மகள் தர்ஷினி. சென்னிமலையில் அவன் தறி ஓட்டுகிறான், ஓட்டினான் என்றுதான் சொல்லவேண்டும், தறிக்கு வாங்கிய கடன் முழுகிப்போய் பேங்கில் இனி அவன் பேரைச் சொன்னாலே பைலை மூடிவிடுகிறார்கள். தர்ஷினிக்குக் கோயம்புத்தூரில் நர்சிங் கிடைத்திருந்தது. குமரேசன் சுற்றி வளைக்கவில்லை. "அக்கா, தப்பா நெனைக்காதே. மிதுவோட படிப்புப் பணம் வருதாமா. அவளுக்கு அது படிப்புக்கு ஆகப் போறதில்ல. தர்ஷினிக்குக் குடு. படிச்சு வேலைக்குப் போயி அவ திருப்பித் தருவா. அதுக்கும் மேல ஒண்ணு சொல்றேன். உனக்கும் மாமாவுக்கும் அப்பறம் மிதுவ ஆரு பாப்பா? இவ பாப்பா. நர்சு வேற. இதவிட உனக்கு என்ன வேணும்? கோயில்ல வெச்சுச் சத்தியம் பண்ணச் சொல்றேன்." உனக்கும் மாமாவுக்கும் அப்பறம். அந்த அப்பறத்தை அவன் சாதாரணமாக நடுவீட்டில், மாம்பழத்துக்குப் பக்கத்தில், எடுத்து வைத்துவிட்டான். தர்ஷினி அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தாள், டம்ளரில் ஸ்பூன் சுற்றுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, அவன் சத்தியம் என்றபோது அந்தச் சத்தம் நின்றது. அவர்கள் போன பிறகு சென்னியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "குடுத்துரு கோகிலா" என்றார். "நாம பணமா வெச்சுட்டுப் போனா பணந்தான் இருக்கும். மனுசங்க ஆராச்சும் இருக்கோணுமல்ல." அவர் சொன்னது சரிதான். சரியாக இருந்ததாலேயே அவளால் தாங்க முடியவில்லை. இத்தனை வருசம் மாவாட்டிக் கட்டிய பணத்தில் கடைசியில் ஒரு காவலாளியை வாங்குவதா? வாங்கினால் என்ன? மற்றவர்கள் மருமகனை வாங்குவதில்லையா? இருந்தாலும் அந்தப் பிள்ளையும் யாரோ பெற்ற பிள்ளைதானே, அதற்கும் பதினெட்டு வயதுதானே, அதன் கழுத்தில் ஒரு தாலி ஏறுவதற்கு முன்னால் மிருதுளாவைக் கட்டிவிடுவதா?

வேறு வழியையும் பார்க்காமல் இல்லை. ஆறு மாசத்துக்கு முன்னால் சென்னியப்பனுக்குக்கூடச் சொல்லாமல் ஒரு இல்லத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். சுத்தமான இடம். இப்படிப்பட்ட பெண்கள் நிறையப் பேர், எல்லோருக்கும் ஒரே மாதிரி பச்சை நைட்டி, எல்லோருக்கும் ஒரே மாதிரி ஒட்ட வெட்டின தலைமுடி. பேன் வருதுங்க, அதனாலதான் என்று அங்கிருந்த அம்மாள் சொன்னாள், நியாயமாகத்தான் சொன்னாள். மிருதுளாவின் முடி இடுப்புக்குக் கீழே தொங்கும், செவ்வாய் வெள்ளி சீயக்காய் தேய்த்து வெயிலில் உட்கார வைத்து உலர்த்துவாள், அந்த நேரத்தில் மிருதுளா கண்ணை மூடிக்கொண்டு பூனை மாதிரி ஒரு சத்தம் போடுவாள். அந்தச் சத்தத்தை அங்கே யார் கேட்பார்கள்? மாசத்தில் அந்த மூன்று நாள் யார் பார்ப்பார்கள்? வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏன் வலிக்கிறது என்று தெரியாமல் அழுவாளே. ராத்திரிக் காவலுக்கு யார் இருப்பார்கள், ஆம்பிளையா பொம்பிளையா? பிறந்ததிலிருந்து தொட்டவர்கள் எல்லாம் பாசமாகவே தொட்டதால் தொடுகிற எல்லோரையும் பார்த்துச் சிரிக்கிறவளாயிற்றே. நினைப்பு இங்கே வரும்போது அவள் மனசு எப்போதும் ஒரு இருட்டான படியில் கால் வைக்கும். இவள் எனக்கு முன்னால் போய்விடட்டும். ஒரே ஒரு நாள் முன்னால், தலை வாரிப் பொட்டு வைத்து என் கையாலேயே அனுப்பிவிட்டு அப்புறம் நான். முதல் தடவை அது மனசில் வந்தபோது அடுப்பில் கையை வைத்த மாதிரி அலறிவிட்டாள், கிரைண்டர் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. இப்போதெல்லாம் அலறுவதில்லை. அது வருகிறது, பக்கத்தில் உட்காருகிறது, போகிறது. அப்பா செத்தால் படிப்பு நிற்காதபடிக்குப் பாலிசி இருக்கிறது கனகராஜ் அண்ணே, அம்மா சாகாமல் இருக்க ஒரு பாலிசி இருந்தால் சொல்லுங்கள், மாவு விற்று அதையும் கட்டிவிடுகிறேன்.

"அத்தை" என்று குரல் கேட்டது. தர்ஷினி நின்றுகொண்டிருந்தாள். பாரம் எழுத ஒத்தாசையாக இருக்கட்டும் என்று குமரேசன் அனுப்பியிருந்தான். சென்னிமலையிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருப்பாள் போல, சுடிதார் முதுகோடு ஒட்டியிருந்தது. மிருதுளா குதித்து எழுந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள், சாப்டியா சாப்டியா என்றாள். சாப்ட்டேன் மிது, நீ சாப்டியா என்று தர்ஷினி கேட்டாள். கோகிலா பார்த்துக்கொண்டிருந்தாள். எச்சில் பட்ட கன்னத்தை இந்தப் பெண் துடைக்கிறாளா, துடைத்தால் உடனே துடைக்கிறாளா, மிருதுளா திரும்பிய பிறகு துடைக்கிறாளா? பிடித்த கையை எவ்வளவு நேரத்தில் விடுவித்துக்கொள்கிறாள்? பொண்ணு பார்க்க வந்த சம்பந்தி வீட்டுக்காரிபோலத் தான் ஒவ்வொன்றாகப் பார்ப்பது அவளுக்கே அருவருப்பாக இருந்தது, ஆனாலும் கண் நிற்கவில்லை. மிருதுளா அடிவயிற்றைத் தட்டிக் காட்டினாள், ஒண்ணுக்குப் போகவேண்டும் என்பதற்கு அவளுடைய சைகை. கோகிலா எழுந்தாள். "நீங்க இருங்க அத்தை, சிஸ்டம் வந்தாக் கூப்பிடுவாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்" என்றாள் தர்ஷினி. வேண்டாம் கண்ணு என்று சொல்ல வேண்டும். சொல்லவில்லை. மாற்றுத் துணிப் பொட்டலத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தாள், எதற்கும் இருக்கட்டும் என்று. நடையின் கடைசியில் கக்கூஸ் கதவு சாத்திக்கொண்டது. பிறந்ததிலிருந்து தன்னைத் தவிர இன்னொருத்தி இப்படி ஒரு கதவுக்குள் மகளோடு போவது இதுதான் முதல் தடவை. கோகிலாவுக்குக் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மடியில் வைத்தாள், பக்கத்து நாற்காலியில் வைத்தாள். இவ்வளவு லேசாக இருக்குமா இந்தக் கைகள்? உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம், மிருதுளாவின் பிடிவாதச் சத்தம், தர்ஷினியின் குரல் என்னவோ கெஞ்சியது, மறுபடி தண்ணீர். வெகுநேரம் கழித்து வெளியே வந்தார்கள். மிருதுளாவுக்குத் துணி மாறியிருந்தது. கோகிலா முன்பக்கம் கட்டுகிற பாவாடை நாடாவைத் தர்ஷினி பக்கவாட்டில் கட்டியிருந்தாள். தர்ஷினியின் கால் பக்கம் நனைந்திருந்தது, முகம் வெளுத்திருந்தது. அருவருப்பு இல்லை அது, பயம். கோகிலா அதை எங்கே பார்த்தாலும் கண்டுபிடித்துவிடுவாள், அது அவள் வீட்டுப் பயம்.

தர்ஷினி பக்கத்தில் உட்கார்ந்தாள். மிருதுளாவின் கையில் பன்னைப் பிய்த்துக் கொடுத்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "அத்தை, அப்பா உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொல்லி அனுப்பிச்சாரு. மிதுவக் கடைசி வரைக்கும் நான் பாத்துக்குவேன்னு சொல்லோணுமாம். பஸ்ல வர்றப்ப சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டேதான் வந்தேன்." மிருதுளாவின் மடியில் விழுந்த பன் துணுக்கைப் பொறுக்கினாள். "என்னால சொல்ல முடியலைங்க அத்தை. எனக்கு மிதுவப் புடிக்கும். ஆனாப் பத்து வருசம் கழிச்சு நான் எங்க இருப்பேன், எந்த வீட்டுக்குப் போவேன், அவங்க என்ன சொல்வாங்க, எனக்கே தெரியல. இப்பப் பணத்துக்காகச் சரின்னு சொல்லிட்டு அப்பறம் மாத்திட்டேன்னா அது மிதுவுக்குத்தான் தெரியாது. எனக்குத் தெரியும்ல." அவள் மூக்கை உறிஞ்சினாள். "பணம் வேண்டாங்க அத்தை. அப்பாகிட்ட நானே சொல்லிக்கறேன். பக்கத்துல கம்பெனிக்கு ஆள் எடுக்கறாங்க, போயிட்டு அடுத்த வருசம் பாத்துக்கறேன்." கோகிலாவுக்கு முதலில் வந்தது கோபந்தான். அப்போ யாரும் இல்லையா. ஒரு பொய் சொன்னால் என்ன கெட்டுப் போகும் உனக்கு, உங்கப்பன் சொல்லச் சொன்னதைச் சொல்லிவிட்டுப் போயேன், நான் இன்றைக்கு ஒரு ராத்திரியாவது தூங்கியிருப்பேனே. அந்தக் கோபம் உச்சிவரை ஏறி, அங்கே நின்று, பிடிமானம் ஒன்றும் கிடைக்காமல் இறங்கியது. இறங்கிய இடத்தில் வெறுமை, வெறுமைக்குள் ஒரு நிம்மதி. யாரும் இல்லை. சரி. யாரும் இல்லை என்பது இவ்வளவு வருசமாகத் தெரிந்ததுதானே, இந்தப் பிள்ளை அதை வாய்விட்டுச் சொன்னது, அவ்வளவுதான். தான் ஒருநாளும் சொல்லத் துணியாததைச் சொன்னது, டாக்டர் கையை விரித்த மாதிரி. அப்புறம்தான் அழுகை வந்தது. மகளைப் பார்க்க ஆளில்லையே என்று வந்த அழுகை என்றுதான் அவளும் நினைத்தாள். இல்லை. அது காலேஜுக்காக வந்த அழுகை. மிருதுளா காலேஜுக்குப் போகவில்லை. இனிமேலும் போகப் போவதில்லை. நாளைக்கு என்ன ஆகும், தனக்கப்புறம் யார் என்று பயந்து பயந்தே, இந்தச் சின்ன, ஊரில் எல்லோருக்கும் கிடைக்கிற ஆசை செத்ததற்கு அவள் ஒரு நாள்கூட உட்கார்ந்து அழவில்லை. கூட்டத்துக்கு நடுவில், முந்தானையை வாயில் அடக்கிக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதாள். மிருதுளா பன்னில் பாதியை அவள் வாய்க்கு நேரே நீட்டினாள்.

கம்ப்யூட்டர் வந்துவிட்டது. கவுண்டர்ப் பெண் பேர் சொல்லிக் கூப்பிட்டாள், பத்திரத்தை வாங்கி முத்திரை குத்தினாள், ரசீது கொடுத்தாள். மிருதுளா கண்ணாடியில் மூக்கை வைத்து, "சாப்டீங்களா?" என்றாள். அந்தப் பெண்ணின் முகம் கோகிலா நினைத்தபடியேதான் மாறியது, மாறி, சட்டென்று தாளுக்குள் குனிந்துகொண்டது. பிறகு நிமிராமலே, இனிமேத்தான் கண்ணு என்று சொன்னாள். கோகிலா வெளியே வந்து மரத்தடியில் நின்றாள். வெயில் கொளுத்தியது. "தர்ஷினி, மொத வருசப் பீஸ் நான் கட்டறேன்" என்றாள். "அதுக்கு மேல என்னால ஆகாது, மிச்சம் இவளுக்கு வேணும். ரெண்டாம் வருசத்துக்கு உங்கப்பன் ஒரு தறிய வித்தாவது கட்டட்டும். நீ எனக்குத் திருப்பித் தர வேண்டாம். சத்தியமும் வேண்டாம்." தர்ஷினி, எதுக்குங்க அத்தை என்று கேட்டாள், நான்தான் முடியாதுன்னு சொல்லிட்டேனே. "படிப்புக்குன்னு கட்டின பணம். கொஞ்சமாச்சும் படிப்புக்குப் போகட்டும்." அதற்கு மேல் அவளுக்கே காரணம் தெரியவில்லை. சென்னியப்பன் என்ன சொல்வார், துண்டை உதறிப் போட்டுக்கொள்வார். ராத்திரிகளில் அந்தப் பயம் வந்து பக்கத்தில் உட்காரத்தான் போகிறது, இன்றைக்கும் வரும், அதற்கு இந்தப் பணத்தால் ஒன்றும் செய்ய முடியாது.

பஸ் ஸ்டாண்டு வரை மூன்று பேரும் நடந்தார்கள், மிருதுளா நடுவில், ஆளுக்கொரு கை. கோகிலா, "ஹாஸ்டல்ல ஒரு ரூமுக்கு எத்தனை பேராமா?" என்று கேட்டாள். நாலு பேருங்க அத்தை. "கட்டில் குடுப்பாங்களா, பாய் கொண்டு போகோணுமா?" கட்டில் இருக்குதாமுங்க, மெத்தை நாமதான் வாங்கோணும். "ஜன்னலுக்குப் பக்கமாக் கேளு, மொத நாளே போனாக் கெடைக்கும். சாப்பாடு எப்படியாமா?" தெரியலைங்க. "எப்படி இருந்தாலும் சாப்புட்டரு. யாருகூடவாச்சும் சண்டை போட்டுட்டு வயித்தக் காயப்போட்டுப் படுக்காதே. மழைக்காலத்துல துணி காயாது, உள்பாவாடை ரெண்டு சேத்தி எடுத்துக்க. பூட்டு நல்ல பூட்டா வாங்கு. பரிச்சைக்கு முந்தின நாள் முழிச்சுக்கிட்டே கெடக்காதே." வார்த்தைகள் தாமாக வந்தன, ஒன்றன் பின் ஒன்றாக, தேட வேண்டியிருக்கவில்லை, அத்தனையும் தேய்த்து மடித்து எங்கேயோ உள்ளே அடுக்கி வைத்திருந்த மாதிரி இருந்தது. தர்ஷினி எல்லாவற்றுக்கும் சரிங்க சரிங்க என்று தலையாட்டிக்கொண்டு வந்தாள், ஒரு தடவைகூட அத்தையின் முகத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. ரோட்டைக் கடக்கிற இடத்தில் கோகிலா மகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "வாரத்துக்கு ஒருக்காவாச்சும் போன் பண்ணோணும்" என்றாள். சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்தி, "உங்கம்மாளுக்கு" என்று சேர்த்துக்கொண்டாள்.